டிமொராசோவா, கார்ரிகாந்தேயா? பத்து வருடம் வைத்துக் குடிக்க ஓர் இத்தாலிய வெள்ளை

இத்தாலிய வெள்ளை ஒயின் என்றால் பலருக்கும் பினோ கிரிஜோதான். லேசாக இருக்கும், நன்றாகக் குளிரவைத்து, வாங்கிய வருடமே குடித்துவிட வேண்டும் என்ற பெயர் அந்த நாட்டு வெள்ளைகளுக்கு மொத்தமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் தேடுவது வேறு மாதிரி. ஏழெட்டு வருடம் படுக்க வைத்தால் வளர வேண்டும். வாயில் கனம் வேண்டும், அந்தக் கனம் தொய்ந்துபோகாதபடி தாங்கிப் பிடிக்கும் புளிப்பும் வேண்டும். விலை பிரான்ஸின் பர்கண்டி வெள்ளையின் உயரத்துக்குப் போகக்கூடாது. இப்படிச் சலித்தால் தேறுகிற திராட்சைகள் கொஞ்சம்தான். அதில் என் ஓட்டு டிமொராசோவுக்கு. போட்டியாளர்களைப் பக்கத்தில் நிறுத்திக் காரணம் சொல்கிறேன். அது தோற்கிற இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் போட்டி பக்கத்து வீட்டோடு

வடமேற்கு இத்தாலியில் பியெமோந்தே மாநிலம். அதன் தென்கிழக்கு மூலையில், அலெஸ்ஸாந்திரியா மாவட்டத்தில், தோர்தோனா என்ற ஊர். ஊரைச் சுற்றியுள்ள குன்றுகள்தான் டிமொராசோவின் சொந்த மண். அதே மாவட்டத்தில், சற்றுத் தெற்கே காவி. அங்கே விளைவது கோர்த்தேஸே. உலகம் முழுக்க உணவகப் பட்டியல்களில் இருக்கும் ‘காவி’ ஒயின் அந்தத் திராட்சையில் செய்வதுதான்.

இந்த இரண்டின் கதையும் பின்னிக் கிடக்கிறது. டிமொராசோவைத் தோட்டத்திலிருந்து துரத்தியதில் கோர்த்தேஸேவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபிலோக்ஸெரா பூச்சி ஐரோப்பியக் கொடிகளை அழித்த பிறகு, திரும்ப நடும்போது விவசாயிகள் கணக்குப் பார்த்தார்கள். கோர்த்தேஸே தாராளமாகக் காய்க்கும், வம்பு செய்யாது. டிமொராசோ அப்படியல்ல. ஒரே குலையில் சில மணிகள் பெரிதாக இருக்கும், சில கடுகு போல நின்றுவிடும். பழுக்கும் நேரத்தில் மணிகள் உதிரும். ஈரம் அதிகமானால் அழுகும். விளைச்சலை நம்பிக் கடன் வாங்கிய குடும்பம் அதை எதற்கு நடும்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் மிலான், தூரின், ஜெனோவா தொழிற்சாலைகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். தங்கியவர்கள் வெள்ளைக்குக் கோர்த்தேஸே, சிவப்புக்குப் பார்பெரா என்று முடிவு செய்துகொண்டார்கள். 1980களில் டிமொராசோ சில வரிசைக் கொடிகளாகச் சுருங்கியிருந்தது.

அப்போது மொன்லெயாலே கிராமத்தில் வால்தெர் மாஸா என்பவர், தன் குடும்பத் தோட்டத்தில் மிச்சமிருந்த டிமொராசோவைத் தனியாகப் பறித்துத் தனியாக நொதிக்க வைத்துப் பார்த்தார். 1987 அறுவடைதான் முதல் முயற்சி. ‘கோஸ்தா தெல் வெந்தோ’, ‘ஸ்தெர்பி’ என்று தோட்டம் தோட்டமாகப் பிரித்துப் பாட்டிலில் அடைத்தார். கிளாவ்தியோ மாரியோத்தோ, லா கொலொம்பேரா குடும்பம் என்று அக்கம்பக்கத்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இன்று அந்தக் குன்றுகளில் டிமொராசோ நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் நிற்கிறது. வியெத்தி, போர்கோஞோ போன்ற, பியெமோந்தேயின் புகழ்பெற்ற சிவப்பு ஒயினான பரோலோவைச் செய்யும் தயாரிப்பாளர்கள் அங்கே போய் நிலம் பிடித்திருக்கிறார்கள். ஒரு திராட்சைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை. பரோலோவுக்கான நெபியோலோ திராட்சையை வைத்து நிம்மதியாகச் சம்பாதிக்கிறவர்கள் இவ்வளவு அடம்பிடிக்கிற ஒரு வெள்ளைக்காக ஏன் இன்னொரு மூலைக்குப் போக வேண்டும்?

காரணத்தில் பாதி மண்ணில் இருக்கிறது. புவியியலில் ‘தோர்தோனியன்’ என்றொரு காலகட்டம் உண்டு, ஏறக்குறைய 1.16 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 72 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அந்தப் பெயரே தோர்தோனாவிலிருந்து வந்ததுதான். அக்காலத்துக் கடலடிச் சேறு இறுகிச் சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த நீல-சாம்பல் மண்ணானது. பரோலோ பகுதியில் லா மோர்ரா பக்கம் இருப்பதும் அதே வகை மண். அதற்குச் ‘சாந்த்’அகாதா ஃபோஸ்ஸிலி மண்’ என்று பெயர். சாந்த்’அகாதா ஃபோஸ்ஸிலி தோர்தோனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிராமம்.

சரி, கிளாஸில் என்ன வித்தியாசம்? காவி மெலிதானது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள், முடிவில் ஒரு பாதாம் கசப்பு. ஜெனோவாவின் மீன் உணவகங்களுக்கு அளந்து தைத்த மாதிரி இருக்கும். நல்ல காவியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிமொராசோவை அதன் பக்கத்தில் ஊற்றினால் நிறத்திலேயே ஒரு படி ஆழம் தெரியும். பேரிக்காய், அக்காசியாத் தேன், உரசிய சக்கிமுக்கிக் கல் வாசனை. வாயில் எண்ணெய்ப்பசை போன்ற ஒரு வழுவழுப்பு, அதற்குள்ளேயே கூரான புளிப்பு. நாலைந்து வருடம் கழித்துத் திறந்தால், முதிர்ந்த ரீஸ்லிங் வெள்ளை ஒயினில் வருகிற அந்தப் பெட்ரோல் வாசனை எட்டிப் பார்க்கும். கோர்த்தேஸேயில் இந்த இரண்டாம் பருவமே பெரும்பாலும் கிடையாது. நான் வைத்த அளவுகோலில் முதல் போட்டி இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஃபியானோ: சமமான எதிரி, வேறு குணம்

தெற்கே கம்பானியா. நேப்பிள்ஸிலிருந்து உள்நாட்டுப் பக்கம் ஏறினால் அவெல்லினோ, இர்பினியா மலைகள். அங்கே விளையும் ஃபியானோ திராட்சையும் அழிவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதை விடாமல் பிடித்துக்கொண்டதில் அத்ரிபால்தாவின் மாஸ்த்ரோபெரார்தினோ குடும்பத்துக்குப் பெரும் பங்கு. 2003-இல் ஃபியானோ தி அவெல்லினோவுக்கு இத்தாலியின் உயர்ந்த தர அங்கீகாரமான டிஓசிஜி கிடைத்தது. குறைந்தது 85 சதவீதம் ஃபியானோ இருக்க வேண்டும் என்பது விதி.

லாப்பியோ, சும்மோந்தே ஊர்களிலிருந்து வரும் நல்ல ஃபியானோவில் ஹேசல்நட், உலர்ந்த புல், லேசான புகை. அவெல்லினோ ஹேசல்நட்டுக்கே பேர்போன ஊர், மலையெங்கும் அந்த மரங்கள்தான். இளமையிலேயே நம்மை உட்கார வைத்துப் பேசுகிற ஒயின் இது. டிமொராசோ முதல் இரண்டு வருடம் சற்று முறைத்துக்கொண்டு இருக்கும், ஃபியானோவிடம் அந்தப் பிகு இல்லை. விலையும் பொதுவாகச் சில யூரோ குறைவு. வாங்கி இந்த வாரமே குடிக்கப் போகிறேன் என்பவருக்கு நான் டிமொராசோவைச் சொல்ல மாட்டேன், ஃபியானோவைத்தான் சொல்வேன்.

வயதாகும்போது தராசு சாய்கிறது. ஃபியானோ அகலமாகும், மெழுகும் தேனும் கூடும், இனிமையான முதுமை. டிமொராசோவோ அகலமாவதோடு கூர்மையும் குறையாமல் நிற்கும். எட்டாவது வருடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடுத்த வாய்க்கு என் கை தானாகப் போவது அதற்குத்தான்.

கார்ரிகாந்தே: இங்கேதான் நிஜமான சண்டை

சிசிலியின் எட்னா எரிமலை. கிழக்குச் சரிவில் மிலோ என்ற சிறிய ஊர், கீழே அயோனியக் கடல். கடலிலிருந்து ஏறும் ஈரக்காற்று மலையில் மோதுவதால் எட்னாவிலேயே மழை அதிகம் பெறும் பக்கம் இது. கருப்பு எரிமலைக் கல் அடுக்கிய படிக்கட்டு வயல்களில், கம்பிப் பந்தல் இல்லாமல், கஷ்கொட்டை மரக் கழியில் கட்டிய குட்டைப் புதர்களாகக் கொடிகள் நிற்கும். சில தோட்டங்கள் 900 மீட்டர் உயரத்திலும் உண்டு. சிசிலி என்றாலே வெயில், பழுத்த ஒயின் என்று நினைப்பவர்களுக்கு இங்கே விளையும் கார்ரிகாந்தே திராட்சை ஓர் அதிர்ச்சி. அறுவடை அக்டோபர் வரை இழுக்கும், அப்போதும் ஆல்கஹால் 12, 12.5 சதவீதத்திலேயே நிற்கக்கூடும். மாலிக் அமிலம் அவ்வளவு அதிகம் என்பதால், அந்தக் காலத்தில் ஒயினை ஈஸ்ட் வண்டலோடு வசந்தம் வரை விட்டு, அந்தப் புளிப்பு தானாகத் தணியக் காத்திருப்பார்கள்.

எட்னா பியாங்கோ, அதாவது எட்னா வெள்ளை, என்று லேபிளில் இருந்தால் குறைந்தது 60 சதவீதம் கார்ரிகாந்தே. ‘சுப்பெரியோரே’ என்றும் சேர்ந்திருந்தால் 80 சதவீதத்துக்குக் குறையாது, அதுவும் மிலோ எல்லைக்குள் விளைந்ததாக மட்டுமே இருக்க வேண்டும். கடையில் இரண்டு பாட்டில் இருந்தால் அந்த ஒரு சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். பெனாந்தி நிறுவனத்தின் ‘பியெத்ரா மரினா’ 1990 அறுவடையில் தொடங்கியது. கார்ரிகாந்தே எவ்வளவு காலம் நிற்கும் என்று உலகத்துக்குக் காட்டியது அந்த ஒயின்தான். இன்று அதன் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது, அது வேறு வருத்தம்.

சுவைக்கு வருவோம். கார்ரிகாந்தேயில் சதை குறைவு, எலும்பு அதிகம். உப்பு, எலுமிச்சைத் தோல், ஈரக்கல், கொஞ்சம் சோம்பு. பச்சை இறால், கடல் முள்ளெலிக் கூழ் போட்ட பாஸ்தா, வாட்டிய மத்தி மீன் போன்ற கடல் உணவுகளோடு டிமொராசோவை அதன் எதிரில் நிறுத்தவே கூடாது. டிமொராசோவின் 14 சதவீத ஆல்கஹாலும் தேன் கனமும் மீனின் மெல்லிய சுவையை அமுக்கிவிடும். இங்கே தயக்கமில்லாமல் மதிப்பெண் கார்ரிகாந்தேவுக்கு.

வெப்பமும் ஒரு கவலை. 2017, 2022 போன்ற கொதிக்கும் வருடங்களில் சில டிமொராசோக்கள் 14.5-ஐயும் தாண்டித் தொண்டையைச் சுடுகின்றன. எட்னாவின் உயரம் கார்ரிகாந்தேயைக் காப்பாற்றுகிறது. இனி வரும் கோடைகளை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மேஜையில் மீன் தவிர வேறு எது இருந்தாலும் நிலைமை மாறும். கன்று இறைச்சியைச் சீவி அதன் மேல் சூரை மீன் சாஸ் ஊற்றும் வித்தெல்லோ தொன்னாத்தோ, வெண்ணெயில் புரட்டிய அஞோலொத்தி என்ற பூரணம் வைத்த பாஸ்தா, காளான் ரிசோத்தோ, வறுத்த கோழி. இவற்றுக்குக் கார்ரிகாந்தே மெலிவாகத் தெரியும். டிமொராசோவுக்கு இது சொந்தச் சமையலறை. தோர்தோனா மலைகளிலேயே மொந்தேபோரே என்றொரு பாலாடைக்கட்டி உண்டு, பசும்பாலும் செம்மறி ஆட்டுப்பாலும் கலந்து, மூன்று அடுக்காகக் கோபுரம் போல வைப்பார்கள். அதுவும் கிட்டத்தட்ட மறைந்து மீண்டு வந்ததுதான். முதிர்ந்த டிமொராசோவோடு அதைச் சாப்பிட்டால் சிவப்பு ஒயின் எதற்கு என்று தோன்றும். சிவப்பு ஒயின் செய்கிற வேலையைச் செய்யும் வெள்ளை என்பதுதான் டிமொராசோவின் தனித்தன்மை. கார்ரிகாந்தே அந்த வேலைக்கு வருவதே இல்லை. வருடத்தில் ஓரிரண்டு பாட்டில்தான் நல்லதாக வாங்குவேன் என்கிறவர் அதை எந்தச் சாப்பாட்டோடு திறப்பார் என்று யோசித்தால், என் ஓட்டு ஏன் அந்தப் பக்கம் விழுகிறது என்று புரியும்.

பணம்தான் பிரச்சினை என்றால் மார்க்கே மாநிலத்தின் வெர்திக்கியோ என்ற வெள்ளையைப் பாருங்கள், குறிப்பாக மாதெலிக்கா பள்ளத்தாக்கில் விளைவதை. கடலை மலை மறைத்த இடம், இரவில் குளிர் இறங்கும், புளிப்பு நன்றாக நிற்கும். டிமொராசோவின் பாதி விலைக்கே வைத்துக் குடிக்கக்கூடிய பாட்டில் கிடைக்கும். கனத்தில் ஈடாகாது.

கடைக்குப் போகும்போது

டிமொராசோ என்ற பெயர் லேபிளில் இல்லாமல் ‘தெர்தோனா’ என்று மட்டும் இருக்கலாம். தோர்தோனாவின் ரோமானியப் பெயர் அது, இரண்டும் ஒன்றுதான். ‘கொல்லி தோர்தோனேஸி’ என்ற பகுதிப் பெயரையும் தேடுங்கள். மாஸாவின் ‘பிக்கோலோ தெர்தோனா’ இளம் கொடிகளிலிருந்து வருவது. அறிமுகத்துக்கு அது நல்லது, விலையும் தாங்கும். தோட்டப் பெயர் போட்ட பாட்டில்கள் வைப்பதற்கு. அறுவடையிலிருந்து நான்கு வருடமாவது ஆகாமல் அவற்றைத் திறந்து, “என்ன இது, வாயையே திறக்க மாட்டேன் என்கிறதே” என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பொறுமை இல்லையென்றால் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வையுங்கள்.

அப்புறம், ஐஸ் வாளியில் முக்கி எடுக்காதீர்கள். ஐந்து டிகிரியில் டிமொராசோவும் காவியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 12 டிகிரி பக்கம், பெரிய கிளாஸில், மெதுவாகக் குடியுங்கள். முதல் கிளாஸில் கல்லும் எலுமிச்சையும்தான் வரும், தேன் வர அரை மணி நேரம் ஆகும்.