சிஓ கணக்குக்கு மூடில் எவ்வளவு உதவும்?

என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்துக்கு சிஓ-பிஓ கணக்கு, அதாவது ஒரு பாடமும் (கோர்ஸ் அவுட்கம்) முழுப் படிப்பும் (புரோகிராம் அவுட்கம்) மாணவருக்குத் தர வேண்டிய திறன்கள் எவ்வளவு எட்டப்பட்டன என்ற கணக்குப் போடும் துறைகளுக்கு, இணையவழிக் கற்றல் மென்பொருளான மூடில் நல்ல துணை. இலவசம், கல்லூரியின் சொந்த சர்வரிலேயே ஓடும். ஆனால் பட்டனைத் தட்டினால் அட்டெய்ன்மென்ட் (எட்டிய அளவு) அட்டவணை வந்து விழும் என்று நம்பி இறங்க வேண்டாம். 2016இல் 3.1 பதிப்போடு வந்த காம்பிடென்சி வசதி, இந்த மாணவர் இந்தத் திறனை எட்டினாரா என்றுதான் பார்க்கும். வகுப்பில் எத்தனை சதவீதம் பேர் இலக்கு மதிப்பெண்ணைத் தொட்டார்கள், அது 1, 2, 3இல் எந்த நிலை என்பதை எக்செலில்தான் போட வேண்டும்.

மூடிலின் பலம், கேள்விவாரியாக மதிப்பெண் கிடைப்பது. கேள்வி வங்கியில் சிஓ1, சிஓ2 என்று தனித்தனி கேட்டகரி திறந்து, குவிஸில் ஒவ்வொன்றிலிருந்தும் 5 ரேண்டம் கேள்விகளை வரிசையாகச் சேருங்கள். ஆளுக்கொரு கேள்வி போனாலும் மதிப்பெண் அறிக்கையின் முதல் 5 நெடுவரிசைகள் எப்போதும் சிஓ1தான்.

கணக்கு கெடுவது அந்த அறிக்கையை எக்செலில் திறந்த பிறகு. தொடாமல் விட்ட கேள்விக்கு 0 வராது, '-' வரும். கவுண்ட் ஃபார்முலா அதை எண்ணாது. 60 பேரில் 20 பேர் விட்ட கேள்வியில் 28 பேர் இலக்கைத் தொட்டதாக வைத்துக்கொள்வோம். 40ஆல் வகுத்தால் 70 சதவீதம், 60ஆல் வகுத்தால் 46.7. நிலை 1, 2, 3க்கு வரம்பு 60, 70, 80 சதவீதம் என்றிருந்தால் முன்னது நிலை 2, பின்னது எந்த நிலையும் இல்லை. கட்டாயக் கேள்வியென்றால் '-' எல்லாவற்றையும் 0 ஆக்கிவிட்டு 60ஆல் வகுப்பதே நேர்மை.

எழுத்துத் தேர்வில் இதற்கு நேர்மாறு. அண்ணா பல்கலைக்கழகப் பாணியில் 11அ அல்லது 11ஆ என்று 13 மதிப்பெண் கேள்வி வைக்கும்போது, எழுதாத பக்கத்தில் 0 போட்டுவிடுகிறார்கள். நன்றாகப் படித்த வகுப்பின் சிஓகூட அதில் சரிந்துவிடும். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். எழுதியவர்களை மட்டும் வகுத்தியில் எடுங்கள்.

குவிஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அறிக்கையையும் விட்டுவிடாதீர்கள். டிஸ்கிரிமினேஷன் இன்டெக்ஸ் (நன்றாகப் படிப்பவரையும் மற்றவரையும் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற அளவு) மைனஸில் நின்றால், நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்ட கேள்வியை மற்றவர்கள் சரியாகப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் விடைக்குறிப்பில்தான் பிழை இருக்கும். சிஓ கணக்குக்குள் போகுமுன் அதைத் திருத்திவிட்டு ரீகிரேட் (மறுமதிப்பீடு) கொடுங்கள்.

இடைநிற்கக்கூடிய மாணவர்களை முன்கூட்டியே காட்டும் கணிப்பு மாடல் மூடிலின் 3.4 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. அதை நாமாகத்தான் இயக்க வேண்டும், முடிந்துபோன கோர்ஸ்களைக் கொடுத்துப் பழக்கவும் வேண்டும். கோர்ஸில் முடிவுத் தேதி போடாதது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. மாணவர் மூடிலுக்குள் செய்வதை மட்டுமே அந்த மாடல் பார்க்கும். பிடிஎஃப் ஏற்றிவைக்க மட்டும் மூடிலை வைத்திருக்கும் துறைக்கு இதனால் பயனில்லை. அங்கே முதல் இன்டர்னல் மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் போதும், யார் அரியரில் விழப்போகிறார்கள் என்று மென்டர் கண்டுகொள்ள.