செடிக்கு 'முதலுதவி' செட்: பொடி மட்டும் உருப்படி

பெங்களூரு லால்பாக் மலர்க் கண்காட்சியில் ஒரு ஸ்டாலில் வாங்கினது. உள்ளே காயத்துக்குப் பூசும் பேஸ்ட், வேர் பிடிக்க வைக்கும் பொடி, ஒரு கத்தரி. கம்பெனி பெயர் எதற்கு, இதே சரக்கைப் பல லேபிளில் விற்கிறார்கள்.

பேஸ்ட் டப்பாவில் 'காயத்தை ஆற்றும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மரத்தில் காயம் நமக்கு ஆறுகிற மாதிரி ஆறுவதே இல்லைங்க. அடிபட்ட கட்டை அப்படியே உள்ளே இருக்கும், மரம் அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அழுகலை அங்கேயே மடக்கப் பார்க்கும், அப்புறம் பட்டைக்கு அடியில் இருக்கிற கேம்பியம் என்ற வளரும் அடுக்கு ஓரத்திலிருந்து புதுத் திசுவை வளர்த்து மேலே மூடிக்கொண்டு வரும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ மரங்களை அறுத்து அறுத்துப் பார்த்து 1970களிலேயே இதைச் சொல்லிவிட்டார், பூச்சு எதுவும் அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் சேர்த்து.

மே மாதக் காற்றுமழையில் மாடியிலிருக்கும் கொய்யாவில் கிளைகள் முறிந்தன. சிலதில் பூசினேன், சிலதைச் சும்மா விட்டேன். சும்மா விட்டதில் வெட்டுவாயைச் சுற்றி உதடு மாதிரி வெளிர்பச்சை வளையம் உருண்டு வந்திருக்கிறது. பூசினதிலும் வந்திருக்கிறது, ஆனால் பேஸ்ட் வெடித்து, அடியில் ஈரம் தேங்கி, நகத்தால் சுரண்டினால் கறுப்பாக வருகிறது. கிளை தண்டோடு சேரும் இடத்துப் புடைப்பைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்டுங்கள், அது போதும். எதையாவது பூசாமல் மனசு ஆறாதென்றால் போர்டோ பசை இருக்கவே இருக்கிறது: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்ற கணக்கு. அதுவும் பூஞ்சைக்குத்தான்.

பொடி நல்ல பொடி. அதிலிருப்பது ஐபிஏ என்ற ஆக்சின், அதாவது செடியின் வளர்ச்சி ஹார்மோன்களில் ஒரு வகை. நுனியில் ஊறும் ஆக்சின் தண்டு வழியாக இறங்கி வெட்டின இடத்தில் தேங்கும். பக்கத்துச் செல்கள் பழைய வேலையை விட்டுவிட்டு மறுபடி பிரிந்து பெருக ஆரம்பிக்கும். ஆக்சின் கை ஓங்கினால் வேர், சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் கை ஓங்கினால் தளிர் என்று 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் புகையிலைத் திசுவை வைத்துக் காட்டினார்கள். பொடி அந்த வேர்ப் பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். செம்பருத்திக் குச்சிகள் ஜோராகப் பிடித்தன. மணி பிளாண்ட்டுக்கெல்லாம் இதை வீணடிக்காதீர்கள், அது வெறும் தண்ணீரிலேயே வேர் விடும்.

கத்தரி சுமார், ஸ்பிரிங் இப்போதே லொடலொட. 5க்கு 2. வேர்ப்பொடி நர்சரிகளில் தனியாகவே கிடைக்கிறது, அதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.