மதுரையில் கீமோவா, சென்னையில் முதல் கட்டச் சோதனையா?

நுரையீரல் புற்றுநோய் பரவி, முதலில் கொடுத்த மருந்தும் கேட்காமல் போனால், காரைக்குடிப் பக்கம் பலருக்கும் மிஞ்சுவது இந்த இரண்டு வழிதான்: மதுரையில் வழக்கமான கீமோ, அல்லது சென்னையில் புது மருந்தின் பாதுகாப்பையும் அளவையும் பார்க்கும் முதல் கட்டச் சோதனை.

மதுரையில் ஏற்றும் கீமோ டோசிடாக்செல், கணக்குத் தெரிந்த மருந்து. உடற்பரப்பு சதுர மீட்டருக்கு 75 மி.கி., 3 வாரத்துக்கு ஒருமுறை. நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்குக் கட்டி சுருங்கும். ரத்தத்தில் வெள்ளணு இறங்கும், காய்ச்சல் 100.4 தொட்டால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். காலையில் பஸ் ஏறினால் இரவு வீடு.

சோதனை என்றால், முதலில் கேட்க வேண்டியது மருந்தின் பெயரை அல்ல, அதன் இரண்டு பகுதிகளில் எது என்பதை. அளவு ஏற்றும் பகுதியில், வழக்கமான முறைப்படி, மூன்று பேருக்கு ஓர் அளவு. 21 அல்லது 28 நாளுக்குள் ஒருவருக்குக் கடும் பக்கவிளைவு வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். இருவருக்கு வந்துவிட்டால் ஏற்றுவது நிற்கும். உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதே அங்கே கேள்வி. விரிவாக்கப் பகுதியில் அளவு ஏறக்குறைய முடிவாகியிருக்கும். பெரும்பாலும் கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களையே சேர்ப்பார்கள். மாற்றம் பொருந்தினால் மதுரையை விட இதையே சொல்வோம், பொருந்தாவிட்டால் மதுரைதான். (குறைந்த அளவு என்றாலே வீண் என்றும் இல்லை. நுரையீரல் புற்றுநோய் மாத்திரையான சோட்டோராசிப் 180 மி.கி.யில் தொடங்கி 960இல் நின்றது. 2021இல் அனுமதி கொடுத்தபோதே, 240 போதுமா என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது அமெரிக்க மருந்துத் துறை.)

அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் முதல் கட்டச் சோதனைகளில் 2013–19இல் 18 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. மருந்தாலேயே இறந்தவர்கள், 2000 முதல் கணக்கிட்டால், 0.7 சதவீதம்.

இந்தியாவின் 2019 விதிகளின்படி, சோதனையால் வரும் பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. வண்டிச் செலவு, தங்கும் செலவு ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, மருந்து தொடங்கும் நாளில் மாத்திரைக்கு முன் ஒரு குழாய் ரத்தம், பிறகு அரை மணி, 1, 2, 4, 8 மணி, மறுநாள் அதே நேரம் என்று எடுப்பது வழக்கம். விடியலில் பல்லவன் ரயில் ஏறினால் எழும்பூர் சேரவே நண்பகல் ஆகிவிடும்; முந்தின நாளே போய், இரண்டு ராத்திரி தங்க வேண்டும்.

ஆச்சி கிண்டிய லேகியத்தையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அது ஈரலைத் தொட்டிருக்கலாம். ஈரல் நொதி இயல்பு உச்சத்தைப்போல் 2.5 மடங்கைத் தாண்டினால், ஈரலில் கட்டி இல்லாதவரைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள்.

பலர் சறுக்குவது காத்திருப்பில். பயாப்சி, மரபணு முடிவு என்று வாரங்கள் ஓடும். அதற்குள் நடமாட்டம் குறைந்தால் தகுதி போய்விடும். சும்மா இருப்பானேன் என்று இடையில் ஒரு டோசிடாக்செல் ஏற்றினால், அதிலிருந்து இன்னும் 3, 4 வாரம் இடைவெளி கேட்பார்கள். சோதனையில் இடம் எப்போது காலியாகும் என்று தேதி கேட்டுக்கொண்டு, அதுவரை மதுரையில் எடுத்த முன்பதிவை விடாதீர்கள்.