பவளத்தொட்டிக்கு எந்த விளக்கு? மூன்றையும் மாட்டிப் பார்த்த கணக்கு

போன மாதம் என் பழைய டி5 விளக்குப் பெட்டியை (மெல்லிய டியூப்லைட் ஆறு வைத்தது) கெரோசல் என்ற விற்பனைச் செயலியில் போட்டேன். செம்பவாங்கிலிருந்து ஒரு தம்பி பார்க்க வந்தார். பவளம் வளர்க்க மூன்றடித் தொட்டி வாங்கித் தண்ணீர் நிரப்பிவிட்டாராம், விளக்கு மட்டும் பாக்கி. ஆறு குழலும் எரிவதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே எரியுது, ஏண்ணே விக்கிறீங்க?" என்று கேட்டார். நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

என் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம். கல்லும் மணலும் போக 180 லிட்டர் சொச்சம் தண்ணீர். சிங்கப்பூர் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீடு, மேற்குப் பார்த்த கூடம். ஏழு வருடத்தில் தொட்டி மாறவில்லை, இடமும் மாறவில்லை. மேலே தொங்கிய விளக்குதான் இரண்டு முறை மாறியது: முதலில் 250 வாட் மெட்டல் ஹேலைடு (ஒற்றைப் பெரிய பல்பு), பிறகு 39 வாட் டி5 குழல் ஆறு, இப்போது எல்இடி இரண்டு. எல்இடிதான் என் கட்சி. ஆனால் எல்லாரும் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

பவளத்துக்கு வெளிச்சம் எதற்கு என்பது தெரிந்த கதைதான். அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியில் உணவு சமைத்துப் பவளத்துக்கும் ஊட்டுகிறது. அந்தப் பாசிக்கு நீல ஒளி, அதிலும் 430 முதல் 450 நானோமீட்டர் பக்கம், மிகவும் பிடிக்கும். மூன்று விளக்குமே இதைக் கொடுக்கும். "எல்இடியில் பவளம் வளராது" என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்று சிராங்கூன் நார்த் மீன் கடைகளில் ஒரு சுற்று வந்தாலே போதும், அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

வெளிச்சத்தின் அழகைப் பற்றியும் அதிகம் எழுதப் போவதில்லை. மெட்டல் ஹேலைடு ஒற்றைச் சூரியன் மாதிரி. மணல்மேல் அலையோடும் அந்த மினுமினுப்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டி5 அப்படியே நேரெதிர். மினுமினுப்பே கிடையாது, ஆனால் ஒளி தொட்டி முழுக்கச் சமமாகப் பரவும். எல்இடியில் மினுமினுப்பும் உண்டு, நீலத்தைக் கூட்டினால் டார்ச் பவளத்தின் நுனிகள் பச்சையாகத் தணல்போல் ஒளிரும். எது அழகு என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது.

என்னை முடிவெடுக்க வைத்தது சூடு.

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் விளக்கு ஒப்பீடுகளைப் படித்துத்தான் நானும் தொடங்கினேன். அங்கே தொட்டிக்கு ஹீட்டர் போடுகிறார்கள். விளக்கிலிருந்து வரும் சூடு அவர்களுக்குப் பாதி வரவு. நமக்கு அது முழுச் செலவு. மதியம் மூன்று மணிக்கு என் கூடத்தில் 31 டிகிரி. தொட்டி இருக்க வேண்டியது 26. இந்த ஐந்து டிகிரியைச் சில்லர்தான், அதாவது தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்தான், இரவு பகலாக இறக்குகிறது. அந்தச் சில்லருக்கு எதிராக நாமே மேலே ஒரு அடுப்பை வைக்கலாமா என்பதுதான் கேள்வி. மின்விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிரவைப்பது நம் ஈரக் காற்றில் முழுதாக எடுபடாது. எனக்கு இரண்டு டிகிரிகூட இறங்கவில்லை, தினமும் நாலு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று.

சூடும் வெளிச்சமும் தனித்தனித் தொல்லைகள் இல்லை என்பதையும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். தண்ணீர் சூடேறினால் பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறுகிறது. அந்த நேரத்தில் விழும் வெளிச்சத்தை அதனால் பயன்படுத்த முடிவதில்லை. மிஞ்சிய ஒளி பாசிக்குள் நச்சை உண்டாக்குகிறது, பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுக்கிறது. 1998, 2010, 2016, 2024 என்று நம் தென் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் வெளுத்ததும் கடல் சூடேறியதால்தான். 26 டிகிரியில் பவளம் சந்தோஷமாக ஏற்றுக்கொண்ட அதே வெளிச்சம் தண்ணீர் மிகவும் சூடேறிவிட்டால் அதைக் கொல்லக்கூடும்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. மெட்டல் ஹேலைடு இருந்தபோது ஒரு தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு குடும்பத்தோடு ஜொகூர் பாரு போயிருந்தோம். சில்லர் காலையிலேயே நின்றுவிட்டது. விளக்கு டைமர்படி பதினோரு மணிக்கு எரிந்து, எட்டு மணி நேரமும் முழு வீச்சில் எரிந்தது. இரவு வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவிதான் முதலில் தொட்டியில் கை வைத்தார். "ஏங்க, தண்ணி வெதுவெதுன்னு இருக்குங்க." வெப்பமானி 32.1 காட்டியது. ஆசையாக வளர்த்த ஹாமர் பவளத்தின் கைகள் எல்லாம் எலும்புக் கிண்ணத்தின் விளிம்புக்குள் சுருங்கிக் கிடந்தன. மறுநாள் பழுப்புக் கூழாகக் கரைந்து மிதந்தது. ஏழு தலைகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, எல்இடி வந்த பிறகு, அதே சில்லர் மறுபடி நின்றது. நான் அலுவலகத்தில் இருந்தேன். வெப்பமானி 28.5 தாண்டியதும் கைப்பேசிக்கு எச்சரிக்கை வந்தது. செயலியைத் திறந்து விளக்கை 15 விழுக்காட்டுக்கு இறக்கினேன். மாலை ஆறரைக்கு வீடு வந்தபோது தண்ணீர் 29.7. டார்ச் பவளம் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு நாளில் மீண்டும் விரிந்தது. சூட்டைக் குறைவாகக் கொடுத்தது பாதிக் காரணம். சூடேறிய நேரத்தில் வெளிச்சத்தை இறக்க முடிந்தது மறுபாதி. என் மெட்டல் ஹேலைடுக்கு எரிவது, அணைவது என்ற இரண்டு நிலைதான். டி5-யில் மங்கச் செய்யும் சோக் வைத்த பெட்டிகள் உண்டு, என்னுடையதில் இல்லை.

இனி பணக்கணக்கு. பிளக் மீட்டர் மாட்டி ஒவ்வொரு விளக்கோடும் ஒரு மாதம் அளந்து வைத்திருக்கிறேன். மெட்டல் ஹேலைடு சோக்கோடு சேர்த்து 285 வாட் இழுத்தது. எட்டு மணி நேரத்துக்கு 2.3 யூனிட். 260 வாட் சில்லர் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் ஓடியது. டி5 ஆறு குழலும் 230 வாட், ஒன்பது மணி நேரம், சில்லர் எட்டு மணி நேரம். எல்இடி இரண்டும் காலை மாலை ஏற்ற இறக்கத்தோடு சராசரி 115 வாட், பத்து மணி நேரம், சில்லர் ஆறரை மணி நேரம். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் விளக்கும் சில்லரும் சேர்ந்து மாதம் மெட்டல் ஹேலைடுக்கு 42 வெள்ளி, டி5-க்கு 37, எல்இடிக்கு 26.

மாதம் பதினோரு வெள்ளிதானே என்று தோன்றும். அதோடு குழல் செலவைச் சேருங்கள். டி5 குழல் பத்து, பன்னிரண்டு மாதத்தில் மாற்றியாக வேண்டும். கண்ணுக்கு நன்றாகத்தான் எரியும், ஆனால் பவளத்துக்கு வேண்டிய ஒளி குறைந்து போயிருக்கும். குழல் ஒன்று 30 வெள்ளி என்றால் ஆறுக்கு 180. மின்சார வித்தியாசத்தோடு சேர்த்து வருடத்துக்கு 320 வெள்ளி பக்கம் வந்துவிடுகிறது. நான் டி5 பெட்டிக்குக் கொடுத்தது 600, எல்இடி இரண்டுக்கும் 1,300. அந்த 700 வெள்ளி வித்தியாசம் இரண்டேகால் வருடத்தில் திரும்பிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. பாதரசம் இருப்பதால் குழல் விளக்குகளை உலகமே கைவிட்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுப் பயன்பாட்டுக்கான டி5 குழல்கள் 2023 ஆகஸ்டோடு சந்தைக்கு வருவது நின்றது. மீன்தொட்டிக் குழல்கள் தனி வகைதான். ஆனாலும் சுற்றிலும் ஆலைகள் மூடும்போது இந்தச் சின்னச் சந்தைக்காக யார் எத்தனை நாள் செய்வார்கள் என்ற கவலை எனக்கு வந்துவிட்டது. டி5 எரிந்த கடைசி வருடத்திலேயே ஒரு நீலக் குழலுக்காக மூன்று கடை ஏறி இறங்கினேன்.

எல்இடியில் குறையே இல்லையா? இருக்கிறது. மாட்டிய முதல் வாரத்திலேயே பட்டேன். டி5 கழற்றிய அன்றே எல்இடியை 70 விழுக்காட்டில் எரியவிட்டேன். கண்ணுக்கு டி5-ஐவிட மங்கலாகத்தான் தெரிந்தது, காரணம் நீலத்துக்கு நம் கண் மந்தம். ஐந்தாம் நாள், தட்டுபோல் வளரும் பவளமான மாண்டிப்போராவின் மேல்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது. பிறகுதான் ஒரு நண்பரிடம் பார் மீட்டர் இரவல் வாங்கினேன். பாசி பயன்படுத்தக்கூடிய ஒளியை எண்ணிச் சொல்லும் கருவி அது. தட்டு இருந்த இடத்தில் டி5 காலத்தில் 190 இருந்திருக்கும், இப்போது 340. கைப்பேசி லக்ஸ் செயலியை நம்பாதீர்கள். லக்ஸ் என்பது நம் கண்ணுக்கு ஏற்ற பச்சை மஞ்சள் வெளிச்சத்தின் அளவு, நீல விளக்கை அது மிகக் குறைத்துக் காட்டும். மீட்டர் இல்லாதவர்கள் 30 விழுக்காட்டில் தொடங்கி வாரம் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். ஸோவா, மஷ்ரூம், டார்ச் போன்ற பவளங்களுக்கு அந்த மீட்டரில் 80 முதல் 150 தாராளம். மாண்டிப்போராவுக்கு 200 பக்கம் கொடுக்கிறேன்.

நிழல் இரண்டாவது குறை. எல்இடி ஓரிரு புள்ளியிலிருந்து பாய்வதால் தட்டுக்குக் கீழே இருட்டு. மீட்டரில் தொட்டி நடுவில் 300 காட்டிய நேரத்தில் மூலையில் 90 கூட இல்லை. டி5 அதே மூலையில் 170 கொடுத்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் டி5-ஐ எதுவும் வெல்லவில்லை என்பதை மனதாரச் சொல்கிறேன். நான் இரண்டு விளக்கையும் 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 32-க்குத் தூக்கினேன், ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தேன், மூலை 130-க்கு வந்தது.

மூன்றாவது, உப்பு. தொட்டிக் குமிழிகள் வெடித்துத் தெறிக்கும் உப்பு எல்இடியின் விசிறியில் வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. விசிறி திணறினால் விளக்கு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே மங்கிவிடும், நாமோ பவளம் ஏன் வாடுகிறது என்று தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பல் தூரிகையால் விசிறி இதழைத் துடைத்து, லென்ஸை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுக்கிறேன். இருபது நிமிட வேலை. குழல் மாற்றும் வேலையோடு ஒப்பிட்டால் இது லேசு, ஆனால் தள்ளிப்போடக் கூடாது.

என் அனுபவம் எதுவரை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தொட்டியில் பெரும்பாலும் டார்ச், டங்கன், ஸோவா, இரண்டு மாண்டிப்போரா. அதிக வெளிச்சம் கேட்கும் கிளைப்பவளமான அக்ரோபோரா இரண்டு துண்டுதான், அதுவும் பதினான்கு மாதமாக. ஒன்று நன்றாகக் கிளைவிட்டது. மற்றது உயிரோடு இருக்கிறது, ஆனால் அடிக்கிளைகள் வெளிறிவிட்டன. அது நிழலாலா, சத்துக் குறைவாலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொட்டி நிறைய அக்ரோபோரா வளர்க்கப் போகிறவர்கள் நடுவில் எல்இடி, இருபக்கமும் இரண்டு டி5 என்று கலந்து போடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். 400 வாட் மெட்டல் ஹேலைடை நான் தொட்டதே இல்லை. எல்இடிக்கும் எனக்கு மூன்றரை வருடப் பழக்கம்தான். ஆறாம் வருடம் எப்படி எரியும் என்பதை ஆறாம் வருடம்தான் சொல்ல முடியும்.

மறுவிற்பனை விலையில் எல்இடிதான் முன்னால் என்பதில் சந்தேகமே இல்லை. என் மெட்டல் ஹேலைடை இலவசமாகத்தான் கொடுத்தேன். பெயர்பெற்ற எல்இடிகள் இரண்டு, மூன்று வருடம் கழித்தும் பாதி விலைக்குப் போகின்றன. டி5 பெட்டிக்கு நான் கேட்டது 150 வெள்ளி.

செம்பவாங் தம்பி பணத்தை எடுத்தபோது நான்தான் தடுத்தேன். அவர் வீட்டில் சில்லர் இல்லை, "ஃபேன் வச்சிருக்கேன்" என்றார். முதலில் ஒரு வெப்பமானியைத் தொட்டியில் போட்டு, விளக்கே இல்லாமல் ஒரு வாரம், மதியம் மூன்று மணிக்கு என்ன காட்டுகிறது என்று எழுதி வைக்கச் சொன்னேன். எட்டாம் நாள் போன் செய்தார். "அண்ணே, ஒரு நாள்கூட முப்பதுக்குக் கீழ இறங்கல." இப்போது அவர் சில்லர் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். டி5 பெட்டி இன்னும் என் வீட்டுச் சாமான் அறையில்தான் இருக்கிறது. பகல் முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் தொட்டி வைத்திருக்கும் யாராவது கேட்டால், அது அவர்களுக்குத்தான்.