ஆவணியில் காணி பார்க்கிறவர்களுக்கு

லண்டனிலிருந்து ஊருக்குப் போவதென்றால் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைதான் கணக்கு. ஆடி, ஆவணியில் மட்டக்களப்பில் கச்சான் காற்று அடிக்கும், வாவி வற்றிக் கிடக்கும், எந்தக் காணியைப் பார்த்தாலும் மேட்டுக்காணியாகத்தான் தெரியும். தங்கைக்கு ஒரு வளவு வாங்க நாங்கள் போனதும் அந்த மாதத்தில்தான்.

காகித வேலைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடி எடுத்துத் தந்தார். நில அளவையாளர் சொன்ன நாளில் வந்து எல்லைக்கல் போட்டார். உறுதியுள்ள சொந்தக்காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்று சொந்தக்காரர் முதல் முச்சக்கரவண்டித் தம்பி வரை விசாரித்தார்கள். அடியில் என்ன மண் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பார்த்தது இரண்டு காணி. ஒன்று எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே, ஆரையம்பதிப் பக்கம். மற்றது வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் போகும் வழியில். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு இரண்டுக்கும் இடையில் பெரிய தூரமில்லை. ஆனால் மண் வேறு. தங்கை இரண்டிலும் ஒவ்வொரு பிடி அள்ளி, ஜாம் போத்தல்களில் தண்ணீரோடு குலுக்கி வைத்தாள். ஆரையம்பதி மண் ஒரு நிமிடத்தில் அடியில் படிந்துவிட்டது. மற்றது அடுத்த நாளும் கலங்கியே நின்றது. அத்தனையும் களிமண்.

இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேல் பயன் தந்தவர் ஒரு கிணறு வெட்டுகிறவர். முன்னதாக, துளை போட்டு மண் பார்த்துத் தருவதாக ஒரு தனியார் நிறுவனத்து ஆட்கள் முற்பணம் வாங்கிக்கொண்டு "நாளைக்கு, நாளைக்கு" என்று இழுத்தார்கள். கடைசிவரை வரவில்லை. இவரோ காலையில் மண்வெட்டியோடு வந்து, ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டிக் காட்டினார். படுவான்கரைக் காணியில் மேலே கிறவல் (சரளை மண்), அதற்குக் கீழே கறுத்த களி, களியில் வைக்கோல் துண்டுகள். அண்மையில் நிரப்பிய வயல். புதிதாகக் கொட்டிய மண் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டிருக்கும். அதுவும் ஒரே அளவாக இறங்காது, சுவர் வெடிக்கும். போதாததற்கு, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது. கமநல சேவை நிலையத்தில் போய்க் கேட்டோம். வயல் என்றே பதிவு இருந்தது. தரகர் "அதெல்லாம் இப்ப மேட்டுக்காணிதான்" என்றார். பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வந்து, "மனே, பதினோராம் ஆண்டு வெள்ளத்துக்கு இதில தண்ணி இடுப்பளவு" என்றார். அதோடு அந்தக் காணி முடிந்தது.

ஆரையம்பதிக் காணியில் கட்டடத்தைப் பற்றிப் பெரிய பயமில்லை. இறுகிய மணல் பாரம் தாங்கும், அத்திவாரக் கிடங்கு வெட்டும்போது கரை சரியாமல் பார்த்தால் போதும் என்றார் தெரிந்த பொறியியலாளர். மாடி வைப்பதென்றால் துளையிட்டுப் பார்த்தே ஆகவேண்டும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் கேளுங்கள் என்றும் சொன்னார். எங்களுக்குக் கவலை தண்ணீர்தான். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல்பட்டியில், இறங்கும் மழைநீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கோடையில் மோட்டரைப் போட்டு விடாமல் இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பேறிச் சவராகிப் போனதை ஊரில் யாரும் மறக்கவில்லை. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 15 மீற்றர் விடச் சொல்வார்கள். மணலில் அழுக்கும் வேகமாக ஓடும் என்பதால் இன்னும் கூடினால் நல்லது. 10 பேர்ச் (ஏறத்தாழ 250 சதுர மீற்றர்) துண்டில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது? நம் குழியைத் தள்ளி வைத்தாலும் அடுத்த வீட்டுக் குழி நம் கிணற்றடியில் இருக்கும். அதனால் 20 பேர்ச்சுக்குக் குறையாமல் பார்த்தோம். மார்கழி மழையில் தண்ணீர் எவ்வளவு மேலே வருகிறது என்று தங்கை நேரில் பார்த்த பிறகு, தையில் உறுதி எழுதுவதாகப் பேச்சு. தரகருக்கு இது பிடிக்கவில்லை.

தோட்டத்துக்கு விவசாயப் போதனாசிரியரைப் பார்த்தோம். கையெழுத்துக்கு மூன்று மேசை ஏறி இறங்க வைக்காத ஓர் அரச சேவை, நம்புங்கள். வேலியோரத்தையும் குப்பை எரித்த இடத்தையும் விட்டுவிட்டு, வளவில் பல இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவில் பையில் போடச் சொன்னார். பார்க்க வேண்டியது முதலில் மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச், அடுத்தது உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன். உப்புக் கூடவில்லையென்றால் மணல் ஒரு சாபமல்ல, களுதாவளையில் மணலில்தான் வெற்றிலைக் கொடி ஏறுகிறது என்றார். பசளையை ஒரே தடவையில் கொட்டினால் அடுத்த மழையில் கிணற்றுக்குப் போய்விடும், கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். தென்னங்கன்று வைக்கும் குழியில் தேங்காய்ப் பொச்சை அடுக்கினால் ஈரம் நிற்கும். மாட்டெரு எவ்வளவு போட்டாலும் மணல் தின்றுவிடும், வருடா வருடம் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.