ஹைட்ராலிக் டோசிங் பம்ப் என்று சொல்லி வேறொன்றை அனுப்பிவிட்டார்கள்: 74,340 ரூபாய் போனது

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பாய்லர் வைத்துத் தொழில் நடத்தும் அனைவரும் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தொழிற்கருவிகளை விற்பவர்களையும் வாங்குபவர்களையும் இணைத்துவைக்கும் இணையச் சந்தை ஒன்றின் வழியாக, பாய்லருக்கு மருந்து செலுத்தும் டயாஃப்ரம் (சவ்வு) வகை டோசிங் பம்ப் ஒன்றுக்கு 74,340 ரூபாய் கட்டினோம். வந்தது நாங்கள் கேட்ட பம்ப் அல்ல, பணமும் திரும்பவில்லை. சந்தையின் பெயரையும் விற்றவரின் பெயரையும் இப்போதைக்கு எழுத வேண்டாம் என்று எங்கள் வழக்கறிஞர் கூறியிருப்பதால் எழுதவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, இத்தகைய பம்பைத் தேர்ந்தெடுப்பது முதல் பராமரிப்பது வரை கவனிக்க வேண்டியவற்றையும் முடிவில் தருகிறேன்.

எங்களுடையது முக்கூடல் பக்கம் உள்ள புழுங்கலரிசி ஆலை. உமியில் எரியும் பாய்லர். அதற்கு அனுமதிக்கப்பட்ட அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10.54 கிலோ; இனி கிலோ என்று சொல்லும் அழுத்தமெல்லாம் இந்தக் கணக்குதான். போர்வெல் தண்ணீர், கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் வழியாகப் போனாலும் அதைத் தரும் உப்புகள் கொஞ்சம் எஞ்சிவிடும் என்பதால், டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலைச் சிறிது சிறிதாக, அளவு தவறாமல் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பாஸ்பேட் அந்த உப்புகளை மென்மையான சேறாக மாற்றுகிறது. அடியில் தங்கும் சேற்றை புளோடவுன் வால்வைத் திறந்து வெளியேற்றிவிடலாம். மருந்து போகாவிட்டால் அதே உப்பு குழாய்களில் பாறையாகப் படிந்து, வெப்பம் நீருக்குப் போகாமல் தடுத்து, உமிச் செலவை ஏற்றி, கடைசியில் குழாயையே பழுக்கக் காய்ச்சிக் கெடுத்துவிடும். பழைய பிளஞ்சர் பம்பில், அதன் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்டு கசிந்து, அந்தக் காரக் கரைசல் வேலையாட்களின் கையில் பட்டுக்கொண்டே இருந்ததால்தான், கசிவதற்கு கிளாண்டே இல்லாத டயாஃப்ரம் பம்புக்கு மாற முடிவு செய்தோம்.

இணையச் சந்தையில் விலை கேட்டதும் பலர் அழைத்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் விலையைச் சொல்லிவிட்டு எப்போது பணம் போடுவீர்கள் என்றே கேட்டார்கள். பின்னர் எங்களுக்கு விற்ற இவர் ஒருவர் மட்டும் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். “அண்ணாச்சி, பாய்லர் எத்தனை கிலோவுல ஓடுது? மருந்தை ஃபீட் டேங்க்ல விடப் போறீங்களா, இல்ல பிரஷர் லைன்லயா? டேங்க் பம்புக்கு மேல இருக்கா, கீழ இருக்கா?” என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்புக்குப் பிந்தைய குழாயில் செலுத்தப் போகிறோம் என்றதும், அங்கே அழுத்தம் பாய்லரைவிடக் கூடுதலாக இருக்கும், ஆகவே 15 கிலோ தாங்கும் ஹைட்ராலிக் வகைதான் வேண்டும், சாதாரண மெக்கானிக்கல் வகை உங்களுக்கு வேண்டாம் என்று அவரே எடுத்துச் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரியான யோசனை. என்னை இன்றும் கொதிக்க வைப்பது இதுதான்: விஷயம் தெரியாமல் தவறான பொருளை அனுப்பியவர் அல்லர் அவர், எங்களுக்கு எது தேவை என்பதை எங்களைவிடத் தெளிவாகத் தெரிந்துகொண்டு, தெரிந்தே வேறொன்றை அனுப்பியவர்.

வித்தியாசம் தெரியாதவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெக்கானிக்கல் வகையில் டயாஃப்ரத்தின் நடுப்பகுதி தள்ளுதண்டோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். அதன் ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் வெறும் காற்று. ஆகவே குழாயின் அழுத்தம் முழுவதையும் அந்தச் சவ்வே சுமக்க வேண்டும். ஹைட்ராலிக் வகையில் தள்ளுதண்டு எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் டயாஃப்ரத்தைத் தள்ளுகிறது. இரு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய சமமாக இருப்பதால் சவ்வு களைப்படைவதில்லை. அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வும் பம்புக்குள்ளேயே இருக்கும். விலை கூடுவது இதனால்தான். கொட்டேஷனிலும் ஹைட்ராலிக், எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகு) ஹெட், பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) டயாஃப்ரம், 15 கிலோ, டோசிங் பம்புகளுக்கான ஏ.பி.ஐ. 675 தரத்துக்கு உட்பட்டது என்று வரி வரியாக எழுதியிருந்தார்கள். விலை 63,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 11,340, ஆக மொத்தம் 74,340 ரூபாய். பம்ப் ஓடும்போது பிரஷர் கேஜின் முள் 15-ஐத் தொட்டு நிற்கும் காணொளி ஒன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சந்தையின் பக்கத்தில் அவர்கள் பெயருக்கு அருகே சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர் என்ற முத்திரையும் இருந்தது. முன்பணம் போக மீதியை, சரக்கு ஏற்றுவதற்கு முன்பே கட்டச் சொன்னார்கள்; கட்டினோம்.

பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்த, பல ஆண்டுகள் அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவர்தான் பம்பைப் பொருத்தினார். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் பழியைப் பின்னர் அவர் மேல்தான் போட்டார்கள். மருந்து தானாகவே இறங்கி வரும்படி டேங்கைப் பம்புக்கு மேலே வைத்தார். உறிஞ்சும் குழாயில் வடிகட்டியும், ஓட்டத்தை அளக்க அளவுக்கோடிட்ட குழாயும் பொருத்தினார். வெளியேற்றும் குழாயில் எந்த மூடுவால்வுக்கும் முன்னதாக ரிலீஃப் வால்வை வைத்து, அதன் வடிகுழாயை டேங்குக்கே திருப்பிவிட்டார். மருந்து சேரும் இடத்தில், தண்ணீர் பம்புக்குத் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தார். இதைவிட ஒழுங்காக ஒரு டோசிங் பம்பைப் பொருத்த முடியாது.

அழுத்தம் இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது மருந்து சொன்ன அளவில் இறங்கியது. நீராவி ஏற ஏற அளவு குறைந்தது. பாய்லர் வழக்கமான அழுத்தத்துக்கு வந்தபோது, மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்ட்ரோக்கை முழுமைக்கு வைத்தும் அளவுக்குழாயில் மட்டம் அசையவே இல்லை. கியர்பாக்ஸ் முனகியது. பின்னர் ஹெட்டுக்கு அடியில், டயாஃப்ரம் கிழிந்தால் தெரிவதற்காக விடப்பட்டிருக்கும் சிறு துளையிலிருந்து மருந்து சொட்டத் தொடங்கியது. நிறுத்திக் கழற்றிப் பார்த்தோம். எண்ணெய் அறையே கிடையாது. டயாஃப்ரம் நேராகத் தண்டில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்தது, அதிலும் பி.டி.எஃப்.இ. முகப்பு இல்லை, வெறும் கறுப்பு ரப்பர். ஃபிட்டர் நேம் பிளேட்டைத் துணியால் துடைத்தபோது மேலே ஒட்டியிருந்த தாள் நகர்ந்தது. அதன் அடியில் உண்மையான பிளேட் இருந்தது. அதில் பொறித்திருந்த அழுத்தம் 4 கிலோ. “முதலாளி, இது தண்ணித் தொட்டிக்குக் குளோரின் விடுற பம்பு” என்றார் அவர். அதற்குத்தான் 74,340 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

அன்றே விற்றவரை அழைத்தேன். முதலில், காற்று அடைத்திருக்கும், பிளீட் பண்ணி அதை வெளியேற்றுங்கள் என்றார். அடுத்து, மருந்தைக் கெட்டியாகக் கரைத்திருப்பீர்கள் என்றார். நேம் பிளேட்டின் படத்தை அனுப்பியதும், உங்கள் ஃபிட்டர் ஏதோ செய்திருக்கிறார் என்று கூசாமல் சொன்னார். மறுபடி அழைத்தபோது, உங்கள் லைனில் பிரஷர் அதிகம் அண்ணாச்சி என்றார். அந்தப் பிரஷரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொட்டேஷன் எழுதியவரே அவர்தான். பிறகு எங்கள் என்ஜினியர் வெளியூரில் இருக்கிறார் என்றார்கள். பிறகு, பம்பைத் தொழிற்சாலைக்கு உங்கள் செலவில் அனுப்புங்கள், சோதித்துவிட்டுச் சொல்கிறோம் என்று ஒரு பெண் குரல் சொன்னது. எத்தனை நாளில் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதன் பிறகு எங்கள் எண்ணிலிருந்து போகும் அழைப்பை யாரும் எடுப்பதே இல்லை.

இணையச் சந்தைக்காரர்களின் நடத்தை இதைவிட மோசம். நாங்கள் தொடர்பை மட்டும் ஏற்படுத்தித் தருகிறோம், பணப் பரிமாற்றம் உங்களுக்குள் நடந்தது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் அந்த முத்திரைக்கு என்ன பொருள் என்று கேட்டேன், ஜி.எஸ்.டி. எண்ணைச் சரிபார்த்திருக்கிறோம் என்பதுதான் பொருளாம். புகாருக்கு ஓர் எண் கொடுத்து, எதுவுமே தீராமல் தீர்க்கப்பட்டது என்று மூடினார்கள். அதே வாரத்தில் அவர்களது விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்து, டோசிங் பம்ப் இன்னும் தேடுகிறீர்களா, வேறு விற்பனையாளர்களை அனுப்பட்டுமா என்று கேட்டார். 74,340 ரூபாயைப் பறிகொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

பாளையங்கோட்டையில் வழக்கறிஞரைப் பார்த்தோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆட்களை வைத்து நடத்தும் ஆலைக்கு அந்த வழி கடினம் என்பதால், ஏமாற்றுக் குற்றத்துக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின் கீழ்க் காவல்துறையில் புகாரும், தொகையைத் திரும்பப் பெறச் சிவில் வழக்குக்கான நோட்டீசும் தயாராகின்றன. பிசானப் பருவ நெல் களத்தில் வந்து குவியும் வேளை இது. பம்ப் இல்லாததால் மருந்தைக் கையால் ஃபீட் டேங்கில் கலந்து, அளவு சரிதானா என்ற கலக்கத்தோடே பாய்லரை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

பராமரிப்பு பற்றியெல்லாம் விரிவாக எழுத எண்ணியிருந்தேன். அடுத்த லோடு வந்துவிட்டதால் அவசியமானவற்றை மட்டும் சொல்கிறேன். ஹைட்ராலிக் பம்ப் என்றால் எண்ணெய் அறை தெரியும் குறுக்குவெட்டு வரைபடத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். காணொளியை நம்பாதீர்கள்; உங்களுக்கு வரப்போகும் பம்பின் வரிசை எண்ணும் கேஜும் அளவுக்குழாயும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். அழுத்தம் இல்லாமல் எந்தப் பம்பும் ஓடும், ஆகவே வேலை செய்யும் அழுத்தத்தில் அளந்து பார்க்கும்வரை குறைந்தது பாதித் தொகையையாவது கையில் வைத்திருங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே படமெடுத்து, நேம் பிளேட்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இன்று காலை பார்த்தபோதும் அதே விளம்பரம், அதே முத்திரையோடு, பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது. விலை 63,000, வரி தனி.