ஒரே ஆலை, இரு பீப்பாய்கள்

ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியிலுள்ள அபர்லவர் ஆலை, பீப்பாயில் இருந்த வீரியம் குறையாமல் இரண்டு சிங்கிள் மால்ட் விஸ்கிகளை (ஒரே ஆலையில் மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து, காய்ச்சுபவை) புட்டியில் அடைக்கிறது. ஒலரோசோ ஷெர்ரி என்னும் ஸ்பானியத் திராட்சை மது இருந்த பீப்பாயில் முதிர்வது 'அபூனா': உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், இலவங்கப்பட்டை என அடர்ந்த சுவை.

'அபூனா ஆல்பா' முதிர்வது போர்பன் என்னும் அமெரிக்கச் சோள விஸ்கி இருந்த பீப்பாயில். உட்புறம் கருக்கப்பட்ட ஓக் மரம் வெனிலாவையும் தேனையும் தருகிறது. நிறமும் வெளிறிய பொன். இரண்டிலும் ஆல்கஹால் ஏறக்குறைய 60 சதவீதம். 30 மில்லியில் 15 மில்லி நீர் சேர்த்தால் 40க்கு இறங்கிவிடும். அவ்வளவு வேண்டாம், சில சொட்டுகளிலேயே காரம் தணிந்து மணம் விரியும்.

ஷெர்ரி, மால்ட்டின் சுவையை மூடிவிடுகிறது. வாற்கோதுமையைச் சுவைக்க விரும்பினால் ஆல்பாதான். இரவு உணவுக்குப் பின் என்றால் மட்டும் அபூனா.